மரத்தூள் பெல்லட்டில் எரியும் கமாடோ அடுப்பு: டெல்டா மாவட்டத்து வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாச்சியார்கோவிலுக்கு அருகில் உள்ள எங்கள் வீட்டுக் கொல்லையில் கரியில் எரியும் கமாடோ ஒன்றும், பெல்லட்டில், அதாவது மரத்தூளை இறுக்கிச் செய்த சிறு குச்சிகளில், எரியும் கமாடோ ஒன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் திரும்புகிறவர்கள் இத்தகைய அடுப்பை ஊருக்குக் கொண்டுவரலாமா என்று கேட்பதும், கொண்டுவந்துவிட்டவர்கள் அதை எப்படி ஓட்டுவது என்று கேட்பதும் வழக்கமாகிவிட்டதால், அந்தக் கேள்விகளையும் விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன். வெப்ப அளவுகள் அனைத்தும் செல்சியஸில் உள்ளன.

கமாடோ என்பது என்ன? அது அமெரிக்க அடுப்பா, ஜப்பானிய அடுப்பா?

பெயர் ஜப்பானியப் பெயர். அந்த மொழியில் அடுப்பு என்பதுதான் அதன் பொருள். மேலும் கீழும் காற்றுவாய் வைத்து, கவிகை மூடி போட்ட உருண்டையான மண் அடுப்பில் அங்கே சோறு சமைத்தார்கள். அதற்கு முஷிகமாடோ என்று பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் பணியாற்றிய அமெரிக்கப் படையினர் அதைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுசென்று, அதில் இறைச்சி சுடத் தொடங்கினார்கள். 1974-இல் அட்லாண்டாவில் தொடங்கப்பட்ட பிக் கிரீன் எக் நிறுவனம் இந்த வடிவத்தை உலகமெங்கும் அறிமுகப்படுத்தியது. பழைய மண் அடுப்பு சூட்டில் விரிசல் விட்டதால், பிற்காலத்தில் உலைக்களங்களில் பயன்படும் தீத்தாங்கு செராமிக்கால் சுவரை அமைத்தார்கள். ஆக, அமெரிக்கர்களின் மாமிச அடுப்பு என்று நாம் நினைக்கும் இந்தச் சாதனம் பிறப்பில் ஒரு சோற்று அடுப்பு என்பதை நெல் விளையும் ஊர்க்காரர்கள் அறிந்துகொள்வதில் ஒரு தனி மகிழ்ச்சி இருக்கிறது.

பெல்லட் என்பது நம் மரத்தூள் அடுப்பில் போடும் தூள்தானா?

தூள் அதேதான், அதை வைத்துச் செய்யும் வேலை வேறு. தகர டின்னின் நடுவில் ஓர் உருட்டுக்கட்டையையும் கீழ்த் துளையில் இன்னொன்றையும் நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இடித்து இறுக்கி, கட்டைகளை உருவியெடுத்துப் பற்றவைக்கும் அடுப்பைத் தேநீர்க் கடைகளில் பார்த்தவர்களுக்கு, தூளை இறுக்கினால் அது நின்று எரியும் என்பது தெரிந்த செய்தி. பெல்லட்டில் அந்த இறுக்கத்தை இயந்திரம் செய்கிறது. ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் துளைகள் கொண்ட எஃகுத் தகட்டின் வழியாகக் காய்ந்த மரத்தூளை மிகுந்த அழுத்தத்தில் தள்ளும்போது, மரத்திலேயே உள்ள லிக்னின் என்னும் பொருள் சூட்டில் இளகித் தூளைப் பிணைத்துவிடுகிறது. தனியாகப் பசை தேவைப்படுவதில்லை. வீட்டில் கையால் இறுக்கிச் செய்துகொள்ள முடியுமா என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே விடை இருக்கிறது: அந்த அழுத்தம் கைக்கு வராது.

பெல்லட் அடுப்பு எப்படி வேலை செய்கிறது?

ரைஸ் மில்லைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மேலே ஒரு ஹாப்பர், அதாவது பெல்லட்டைக் கொட்டிவைக்கும் தொட்டி. அதன் அடியில், மில்லில் தவிட்டைத் தள்ளிச் செல்லும் ஸ்க்ரூ கன்வேயரின் குட்டி வடிவம். அது பெல்லட்டைச் சிறிது சிறிதாக ஓர் இரும்புக் கிண்ணத்தில் கொண்டுபோய்ப் போடுகிறது. கிண்ணத்தில் உள்ள மின்கம்பி சில நிமிடங்கள் பழுத்துப் பெல்லட்டைப் பற்றவைக்கிறது. பிறகு ஒரு விசிறி காற்றை ஊதி நெருப்பைக் காக்கிறது. அடுப்புக்குள் இருக்கும் வெப்ப உணரி சொல்லும் அளவைப் பார்த்து, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ஸ்க்ரூ சுழல வேண்டும் என்பதை ஒரு சிறிய கட்டுப்பாட்டுப் பலகை முடிவு செய்கிறது. அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோ டிரேகர் இந்த முறையில் சமையல் அடுப்பு செய்து 1986-இல் காப்புரிமை பெற்றார். அது 2006-இல் காலாவதியான பிறகுதான் பல நிறுவனங்கள் இந்தத் தொழிலில் இறங்கின. அவற்றுள் பெரும்பாலானவை செய்வது இரும்புத் தகட்டு அடுப்பு. செராமிக் உடலில் பெல்லட் நெருப்பை வைத்தவை மிகச் சில. கமாடோ ஜோ நிறுவனத்தின் பெல்லட் ஜோ அவற்றுள் ஒன்று.

செராமிக்கும் பெல்லட்டும் சேரும்போது என்ன சிக்கல் வருகிறது?

வாங்குவதற்கு முன் புரிந்துகொள்ள வேண்டிய செய்தி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கரித் தணல், காற்று அணுவளவு கிடைத்தாலும் அணையாமல் கனன்றுகொண்டிருக்கும் இயல்புடையது. கனத்த செராமிக் சுவர் வெப்பத்தை வெளியே விடுவதில்லை. ஆகவே காற்றுவாயை நூலளவு திறந்துவைத்தாலே, 2 கிலோ கரியில் 12 மணி நேரம் 110 டிகிரியில் அடுப்பு நின்றுவிடுகிறது. கமாடோவின் பெருமை முழுவதும் இந்தச் சிறு நெருப்பிலும் சிறு காற்றிலும் இருக்கிறது. காற்றோட்டம் குறைவாக இருப்பதால் இறைச்சியின் ஈரமும் உள்ளேயே தங்குகிறது.

பெல்லட் கரியாகாத மரம். மரம் சூடாகும்போது வெளிவரும் ஆவிகள் சுடர்விட்டு எரிந்தால்தான் புகை தெளிவாக இருக்கும். காற்றைக் குறைத்தால் அது வெண்புகை கக்கிப் புகைந்து, உணவில் கசப்பை ஏற்றிவிடும். எனவே பெல்லட் நெருப்பை ஓர் அளவுக்குக் கீழே சிறியதாக்க முடியாது. கணக்கிட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 12 மணி நேரத்துக்கு 2 கிலோ கரி என்பது மணிக்கு ஏறக்குறைய 1,200 கிலோ கலோரி. எங்கள் பெல்லட் அடுப்பு அணையாமல் எரியும் மிகச் சிறிய நெருப்புக்கே மணிக்கு 400 கிராம், அதாவது ஏறக்குறைய 1,700 கிலோ கலோரி செல்கிறது. இரும்புத் தகட்டு அடுப்பில் இந்த மிகுதி வெளியே கசிந்துவிடும். செராமிக்கில் அது போக இடமில்லாமல் வெப்பநிலையை ஏற்றுகிறது. 110 டிகிரி வைத்தால் 135-இல் போய் நிற்பது ஏன் என்று கேட்பவர்களுடைய அடுப்பில் பெரும்பாலும் பழுது எதுவும் இருக்காது.

அப்படியானால் வெப்பநிலையை எப்படி வசப்படுத்துவது?

முதலில், 130 டிகிரிக்குக் கீழே சமைக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுவது நல்லது. பங்குனி, சித்திரை வெயிலில் அடுப்பின் வெளிச்சுவரே சுடும் நாட்களில் 140 என்று வைத்துக்கொண்டால் மனத்துக்கும் நிம்மதி. இரண்டாவதாக, ஏறும்போதே அடக்க வேண்டும்: 90 கிலோ எடையுள்ள செராமிக்கை 30 டிகிரியிலிருந்து 130 டிகிரிக்கு உயர்த்துவதற்கு மட்டும் அரைக் கிலோ பெல்லட்டின் முழு வெப்பமும் தேவைப்படுகிறது. அவ்வளவு வெப்பத்தை வாங்கிக்கொண்ட சுவர், 180 டிகிரிக்குப் போன பிறகு பலகையில் 130 என்று திருப்பிவைத்தால் இறங்கிவர ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். முதலில் 120 என்று வைத்து, முக்கால் மணி நேரம் பொறுத்து, சுவர் சூட்டை வாங்கிக்கொண்ட பிறகு வேண்டிய அளவுக்கு ஏற்றுவதே சரியான முறை. மேல் காற்றுவாயைக் கரி அடுப்பில் மூடுவதைப்போல் இதில் மூடக்கூடாது. விசிறி ஊதும் காற்று வெளியேற வழி இல்லாவிட்டால், புகை ஸ்க்ரூ வழியாக ஹாப்பருக்குத் திரும்பிவிடும்.

விசிறிக் காற்று இறைச்சியை வறளச் செய்யும் என்பது உண்மை. கம்பித் தட்டுக்குக் கீழே ஒரு தட்டில் தண்ணீர் வைத்தால் பெருமளவு சரியாகிவிடும்.

டெல்டாவில் பெல்லட் கிடைக்குமா? ஊரெங்கும் உமி இருக்கிறதே, உமி பெல்லட்டைப் போடலாமா?

போடக்கூடாது. இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. மரத்தூள் பெல்லட் எரிந்தால் எஞ்சும் சாம்பல் எடையில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவு. உமியிலோ 15 முதல் 20 பங்கு வரை சாம்பல், அதிலும் பெரும்பகுதி சிலிக்கா. 5 கிலோ உமி பெல்லட்டை எரித்தால் முக்கால் கிலோவுக்குக் குறையாத சாம்பல் மிஞ்சும். கிண்ணம் கொள்வதோ இரண்டு கைப்பிடி. அரை மணி நேரத்தில் காற்றுத் துளைகள் அடைபட்டு நெருப்பு அணைந்துவிடும். வைக்கோல் பெல்லட் இன்னும் மோசம், ஏனெனில் அதில் உள்ள பொட்டாசியம் சிலிக்காவோடு சேர்ந்து உருகி, கிண்ணத்தின் அடியில் கிட்டமாக இறுகிவிடுகிறது. உளியால் தட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். உமி அடுப்பில் உமி நன்றாக எரிகிறதே என்றால், அந்த அடுப்பு சாம்பலைக் கீழே கொட்டிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டது; இது அப்படி அமைக்கப்படவில்லை.

கொதிகலன்களுக்காக விற்கப்படும் தொழிற்சாலை பெல்லட்டும் வேண்டாம். அதில் கடலைத்தோல் இருக்கலாம், பிளைவுட் அறுத்த தூள் இருக்கலாம், சாயம் பூசிய பழைய பலகையின் தூளும் இருக்கலாம். கொதிகலனுக்கு அதில் குறை இல்லை, மீனுக்கும் கோழிக்கும் ஆகாது. சமையலுக்கென்றே, பட்டை நீக்கிய கடின மரத்தூளிலிருந்து செய்த பெல்லட்டை வெளியூரிலிருந்து வரவழைப்பதே இப்போதைக்கு வழி. சரக்கு வந்ததும் பத்துப் பெல்லட்டை எடுத்துச் சோதித்துப் பாருங்கள்: மேற்புறம் வழவழப்பாக மின்ன வேண்டும், ஒடித்தால் ‘டக்’கென்று ஒடிய வேண்டும், தண்ணீரில் போட்டால் சில நிமிடங்களில் பொதபொதவென்று தூளாகிவிட வேண்டும். ஒடியாமல் வளைந்தால் ஈரம் ஏறிய சரக்கு.

மழைக்காலத்தில் பெல்லட்டை எப்படிக் காப்பது?

பெல்லட்டின் பகை ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் சம்பா வயலில் தண்ணீர் நிற்கும்போது, நம் ஊர்க் காற்றே அதைக் கெடுக்கப் போதுமானது. முதல் ஆண்டு ஹாப்பரில் 4 கிலோ மிச்சம் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஒரு திருமணத்துக்குச் சென்றுவிட்டேன். இடையில் ஆறு நாள் அடைமழை. திரும்பிவந்து இயக்கியபோது ஸ்க்ரூ முனகிக்கொண்டு நின்றது. உள்ளே பெல்லட் ஊறிப் பருத்து, பிறகு காய்ந்து, குழாய் முழுவதும் மரக்கட்டைபோல் ஆகியிருந்தது. மோட்டாரைக் கழற்றி, தண்டை உருவி, துளைக்கருவியால் குடைந்து எடுப்பதற்கு ஒரு பகல் ஆயிற்று. அன்றிலிருந்து சமையல் முடிந்ததும் ஹாப்பரைக் காலி செய்துவிடுகிறேன். இறுக மூடும் பிளாஸ்டிக் டிரம்மில், தரையில் படாமல் பலகைமேல், ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வைப்பது நல்லது. நெல் சேமித்துப் பழகியவர்களுக்கு இதில் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. விதைநெல்லுக்குக் கொடுக்கும் மரியாதையைப் பெல்லட்டுக்கும் கொடுத்தால் போதும்.

பெல்லட் மூட்டைகளை மொத்தமாக வாங்கிக் காற்றோட்டமில்லாத அறையில் அடுக்கக்கூடாது. குவிந்துகிடக்கும் பெல்லட் எரியாமலேயே சிறிது சிறிதாகக் கார்பன் மோனாக்சைடை வெளிவிடுகிறது. கப்பல் அறைகளிலும் கிடங்குகளிலும் இதனால் உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன.

மின்சாரம் எவ்வளவு தேவை? மின்தடை ஏற்பட்டால் என்ன ஆகும்?

பற்றவைக்கும் சில நிமிடங்களுக்கு 200 முதல் 300 வாட். அதற்குப் பிறகு விசிறிக்கும் ஸ்க்ரூவுக்கும் சேர்த்துப் பெரும்பாலும் 50 வாட்டுக்குள். வீட்டு இன்வெர்ட்டரே போதும், ஆனால் அது சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் மோட்டார் இரைந்து சூடாகும். இன்வெர்ட்டர் இல்லாமல் ஓட்டும்போது மின்சாரம் நின்றால், கிண்ணத்து நெருப்பு காற்றைத் தேடி ஸ்க்ரூவுக்குள் பின்னோக்கி ஏறக்கூடும். ஆகவே இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் இந்த அடுப்பை வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகிறவர்கள் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். அமெரிக்கச் சரக்கு 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வைத்தால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஏசி மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் சுழல்வதால், பலகை நினைக்கும் அளவைவிடக் குறைவாகப் பெல்லட் விழும். சவூதியிலும் 60 ஹெர்ட்ஸ்தான். சிங்கப்பூர், துபாய்ச் சரக்கு நம் மின்சாரத்துக்கு ஒத்துவரும். பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். நேர்மின்னோட்ட மோட்டார் வைத்த புதிய அடுப்புகளில் இந்த ஹெர்ட்ஸ் தொல்லை இல்லை.

கரி அடுப்பின் புகைமணம் இதில் வருமா?

குறைவாகத்தான் வரும். விசிறி ஊதி நன்றாக எரியும் நெருப்பில் புகை மெல்லியதாக இருக்கும். கூடுதல் மணம் வேண்டுமானால், காய்ந்த புளியங்கட்டையோ கொய்யாக்கட்டையோ கைப்பிடி அளவு எடுத்து, நெருப்புக்கு மேலுள்ள தடுப்புத் தகட்டின் ஓரத்தில் வைக்கலாம். கொட்டாங்கச்சிச் சில்லையும் அங்கே வைக்கலாம். ஹாப்பரில் போட்டால் ஸ்க்ரூ சிக்கிக்கொள்ளும். அரளிக் கட்டையை அடுப்புப் பக்கமே கொண்டுவரக்கூடாது, அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் வளரும் தில்லையும் அப்படித்தான். அதன் பால் பட்டால் கண் பாதிக்கப்படும், புகையும் கண்ணுக்கு ஆகாது. எது என்ன மரம் என்று தெரியாத விறகை மணத்துக்காகப் போடுவதைவிட மணமில்லாமல் சாப்பிடுவது மேல்.

நம் சமையலில் எதற்கு இது பொருந்தும்?

முழுக் கொடுவா மீனுக்கு இதைவிட நல்ல அடுப்பை நான் கண்டதில்லை. வேதாரண்யத்துக் கல்லுப்பும் மிளகும் மஞ்சளும் தடவி, வாழையிலையில் சுற்றி, 180 டிகிரியில் வைத்தால், ஒன்றரைக் கிலோ மீன் முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடும். தடித்த இடத்தில் வெப்பமானியைக் குத்தினால் 63 டிகிரி காட்ட வேண்டும். நாட்டுக்கோழியைப் பிராய்லரைப்போல் நினைத்து வைத்தால் பல்லுக்கு வேலையாகிவிடும்: 74 டிகிரியில் அது உண்பதற்குப் பாதுகாப்பானதாகிவிட்டாலும், மிருதுவாக வேண்டுமென்றால் 140 டிகிரி அடுப்பில் இரண்டு மூன்று மணி நேரம் விட்டு, தொடைச் சதை 90-ஐத் தொடும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஆட்டுத் தொடைக்கும் இதே கணக்கு.

தம் பிரியாணிக்கு இந்த அடுப்பு பொருந்துவது பலருக்கு வியப்பாக இருக்கும். அரிசியையும் கறியையும் வழக்கம்போல் முக்கால் பதம் வேகவைத்து, சட்டியின் மூடியை மாவால் ஒட்டி, 150 டிகிரியில் நாற்பது நிமிடம் வைத்துவிடலாம். மேலே தணல் அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை, செராமிக் மூடியே மேலிருந்து சூட்டைத் தருகிறது. கூத்தாநல்லூரிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர், தணல் இல்லாத தம்மைத் தம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றார். இரண்டாவது தட்டு கேட்டார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

செராமிக் விரிசல் விடுமா?

மெல்லிய மேற்பூச்சு விரிசல்கள் இயல்பானவை. உடலே பிளப்பதற்கு இரண்டு காரணங்கள்: கீழே விழுவது, ஈரத்தோடு சூடேற்றுவது. மழையில் நனைந்து பல நாள் கிடந்த அடுப்பை நேராக 250 டிகிரிக்கு ஏற்றினால், சுவருக்குள் ஊறிய நீர் ஆவியாகி வெளியேற வழியின்றிப் பிளக்கும். முதல் ஒரு மணி நேரம் 120 டிகிரிக்குள் வைத்து உலர்த்த வேண்டும். சூடான அடுப்பின்மேல் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

எந்த இடத்தில் வைக்கக்கூடாது?

கீற்றுக் கொட்டகைக்குக் கீழே, வைக்கோல் போருக்கு அருகில், மூடிய அறையில். ஆடிக் காற்றில் ஒரு பொறி எவ்வளவு தூரம் போகும் என்பது இந்த மாவட்டங்களில் எல்லாருக்கும் தெரியும். நெருப்பு தானாக அணைந்துபோய், ஸ்க்ரூ மட்டும் பெல்லட்டைக் கொட்டிக்கொண்டிருந்தால், உடனே மறுபடி பற்றவைக்கக்கூடாது. குவிந்த பெல்லட் புகைந்து, மூடிக்குள் தேங்கிய புகை ஒரேயடியாகப் பற்றிக்கொள்ளும். நிறுத்தி, ஆறவைத்து, கிண்ணத்தைக் காலி செய்த பிறகே தொடங்க வேண்டும். மிகுந்த சூட்டில் இருக்கும்போது மூடியை முதலில் இரண்டு விரல் அளவு தூக்கிச் சில நொடிகள் காற்றை விட்டுப் பிறகு முழுவதும் திறக்க வேண்டும்.

உப்புக்காற்று பாதிக்குமா?

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் செராமிக்குக்கு ஒன்றும் ஆகாது. மூடியைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டையும் ஸ்பிரிங்கும் துருப்பிடிக்கும். மூடியின் எடையைத் தாங்குவது அந்த ஸ்பிரிங் என்பதால் ஆண்டுக்கு இருமுறை எண்ணெய் தடவிச் சோதிக்க வேண்டும். விசிறித் துளையில் குளவி மண்கூடு கட்டுவது எல்லா ஊர்களிலும் நடப்பது. மெல்லிய கம்பி வலை கட்டினால் தீரும்.

கரிக் கமாடோவா, பெல்லட் கமாடோவா? எதை வாங்குவது?

கரி நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது: இராமநாதபுரம் பக்கத்துச் சீமைக் கருவேலங்கரியும், கொட்டாங்கச்சிக் கரியும். அதற்கு மின்சாரம் வேண்டாம், மழைக்காலப் பயமும் குறைவு. செராமிக்கின் இயல்போடு ஒத்துப்போகும் நெருப்பும் அதுதான். அடுப்பருகில் நின்று காற்றுவாயைத் திருகுவதில் விருப்பம் உள்ளவர்கள் வேறொன்றையும் தேட வேண்டாம். காலையில் வைத்துவிட்டு வயலுக்கோ கடைக்கோ போய் வருகிறவர்களுக்கு, வெப்பநிலையைத் தானே பார்த்துக்கொள்ளும் பெல்லட் உதவும். வீட்டில் ஒருவராவது கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. எங்கள் வீட்டில் பெல்லட் அடுப்பு மாதத்துக்கு இரண்டு முறை எரிகிறது, கரி அடுப்பு வாரத்துக்கு இரண்டு முறை.

ஏற்கெனவே உள்ள கரிக் கமாடோவில் பெல்லட் நெருப்பைப் பொருத்திக்கொள்ளலாமா?

கீழ்க் காற்றுவாயில் பொருத்தும்படி உள்ளூர்ப் பட்டறையில் செய்து தருவதாகச் சிலர் சொல்கிறார்கள். ஸ்க்ரூவையும் கிண்ணத்தையும் செய்வது நம் பட்டறைக்காரர்களுக்குக் கடினமில்லை. நெருப்பு பின்னோக்கி ஏறாமல் தடுப்பதும், நிறுத்திய பிறகு எஞ்சிய பெல்லட்டை விசிறியால் எரித்து முடிப்பதும் கட்டுப்பாட்டுப் பலகையின் வேலை, அதைச் சோதித்துப் பார்க்காமல் வீட்டில் வைக்கக்கூடாது. கரிக் கமாடோவின் காற்றை மட்டும் தானாகச் சீர்செய்ய வேண்டுமென்றால், கீழ்க் காற்றுவாயில் மாட்டும் சிறு விசிறியும் வெப்ப உணரியும் சேர்ந்த கருவிகள் விற்கப்படுகின்றன. பவர் பேங்கில் ஓடும் வகைகளும் உண்டு. பெல்லட்டுக்கு மாற நினைத்து என்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.